வாசக்காரர் வீட்டுத் திரி

ஆமாங்க தம்பி, நாந்தானுங்க. பொஸ்தகத்துப் பின்னட்டையில இருக்கறது பழைய போட்டோ. அப்ப முடி இருந்துச்சு. எப்படிக் கண்டுபுடிச்சீங்க, மூக்கை வச்சா? அது ஒண்ணுதான் இன்னும் மாறாம இருக்குதுங்க. கையெழுத்துங்களா? போடலாம், போடலாம். இந்தக் குலுக்குல பேனா நிக்காது. தாராபுரம் தாண்டட்டும், ரோடு நல்லா இருக்கும். பொஸ்தகத்த மடியில வையுங்க. பாப்பாவ எழுப்பாதீங்க, பாவம், அசந்து தூங்குது. பேரென்ன?

ஓ, நாச்சிங்களா?

இல்லைங்க, ஒண்ணுமில்லை. நல்ல பேருங்க. என்ற கதையப் படிச்சுட்டு வச்சதுங்களா? சம்சாரந்தான் வைக்கோணும்னு சொன்னாங்களா? சரி சரி. சந்தோசம்னு சொல்லோணும். சொல்றேன், சந்தோசந்தானுங்க. வேற ஒரு நாளா இருந்தா பாப்பாவத் தூக்கி மடியில வச்சிருப்பேன். இன்னைக்கு எனக்கு மூஞ்சி சரியில்லை, நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது.

இந்தப் பையில மினுமினுங்கறதா? பொன்னாடைங்க. நேத்து மேலைக்கோட்டைக் கோயில் நோம்பில, திருவிழாவுல போட்டாங்க. வேண்டாம், எடுத்துப் பாக்காதீங்க, அப்படியே கெடக்கட்டும். நீங்க எங்க எறங்கோணும்? கொடுவாயா? அப்பச் சரி, நேரம் இருக்குது. நானும் யாருகிட்டயாவது சொல்லிப்போட்டா நல்லாருக்கும்னுதான் பஸ் ஏறுனதுல இருந்து நெனச்சுட்டே வர்றேன். எங்கூட்டுல சொல்ல முடியாதுங்க. என்ற சம்சாரம் ஒரே வார்த்தையில முடிச்சுப்போடுவா, அதக் கேக்கற தெம்பு எனக்கு இல்லை.

என்ற நெசப் பேரு அவினாசியப்பன். நொய்யல்நம்பிங்கறது கதைக்கு வச்சுக்கிட்ட பேரு. அவினாசியப்பன்னு ஒருத்தன் வரலாறு எழுதியிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. யாருக்குந்தான் தெரியாது. நான் ஹைஸ்கூல்ல வரலாறு வாத்தியாரு. லீவு நாளானா சைக்கிள எடுத்துட்டுக் கெளம்பிருவேன். எந்தக் காட்டுல எந்தக் கல்லு எழுத்தோட கெடந்தாலும் சரி, தேச்சுக் கழுவி, மாவைப் பூசிப் படிச்சு எழுதிக்குவேன். கல்யாணம் ஆன புதுசுல அவ கேட்டா, உங்களுக்கு என்னையப் பாக்கறதுக்கு ஆசையா, கல்லப் பாக்கறதுக்கு ஆசையான்னு. நான் யோசிச்சுப் பதில் சொன்னேன். யோசிச்சதுதான் தப்பாப் போச்சு.

அப்படிப் போனப்பத்தான் மேலைக்கோட்டை. கோட்டைன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. ஒரு மதிலு, இடிஞ்ச வாசலு, உள்ள ஒரு அம்மன் கோயிலு. வருசா வருசம் நோம்பில அம்மன் அந்த வாசலத் தாண்டி ஊருக்குள்ள வரும். அம்மன் வர்றதுக்கு முன்னால வாசல்ல ஒரு கல்விளக்கு ஏத்தோணும். அதை ஏத்தற உரிமை ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான். ஊர்ல அவங்களுக்கு வாசக்காரர் வீடுன்னே பேரு. எதுக்கு அவங்க ஏத்தறாங்கன்னு ஊருக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. ஏத்திட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்.

அந்த வீட்டு ராக்கியண்ணன்தான் எனக்கு வாசலோரம் பொதைஞ்சு கெடந்த கல்லக் கடப்பாரை போட்டு நிமித்திக் குடுத்தாரு. அவரு சம்சாரம் பாவாயி கம்பஞ்சோறும் மோரும் கொண்டாந்து மரத்தடியில வச்சாங்க. நான் வகுறு முட்டத் தின்னுட்டுப் படிச்சேன். ரெண்டே வரிங்க. "வாசலில் நின்று பட்டான் கோவன். அவன் தாய் நங்கை வைத்த விளக்கு." அவ்வளவுதான். எந்த ராசா, எந்தச் சண்டை, ஒண்ணும் இல்லை. காவக்காரன் ஒருத்தன் வாசல விடாம நின்னு செத்திருக்கான், அவன் அம்மா அவனுக்காக ஒரு வெளக்கு வச்சிருக்கா. அதைத்தான் வாசக்காரர் வீட்டுல இன்னைக்கும் ஏத்தறாங்க. நான் படிச்சுச் சொன்னப்ப ராக்கியண்ணன் கல்லக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அந்தம்மா முந்தானையால கண்ணத் தொடச்சாங்க. எனக்கும் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. என்ற ஆயுசுல நான் கண்டுபுடிச்சதுல நல்லது அது ஒண்ணுதானுங்க.

அதை என்ற முதல் வரலாற்றுப் பொஸ்தகத்துல போட்டேன். ஒருத்தரும் வாங்கல. பாதி இன்னும் கட்டிலுக்கு அடியில கெடக்குது, ஒண்ணு பீரோவுக்கு முட்டுக் குடுத்திருக்குது. அப்பத்தான் ஒரு வாரப்பத்திரிகை ஆசிரியர் சொன்னாரு, உங்களுக்கு ஊர் தெரியுது, கல்லு தெரியுது, தொடர்கதை எழுதுங்கன்னு. நான் நெம்பத் தயங்குனேன்னு சொன்னா அது பொய்யி. மறுநாளே உக்காந்துட்டேன்.

இப்ப யோசிச்சுப் பாருங்க தம்பி, ஒரு கெழவி செத்துப்போன மகனுக்கு வெளக்கு வச்சான்னா, அதை வாரா வாரம் யாரு படிப்பா? நங்கைங்கற பேரு நல்லாருந்துச்சு. அவள இளசாக்குனேன், ராணியாக்குனேன், நாச்சின்னு பட்டம் குடுத்தேன். வெள்ளைக் குதிரை குடுத்தேன். அமராவதிக் கரையில ஒரு காதலக் குடுத்தேன். அதெல்லாம் யாரையும் கெடுக்கலீங்களே? பொறகு கோட்டை விழோணும். விழாம எப்படிக் கதை முடியும்? ஆசிரியர் போன்ல, "சார், ஒரு துரோகி வேணும் சார், அடுத்த வாரமே வேணும்"ங்கறாரு. கதவத் தொறந்துவிடறவன் காவக்காரனாத்தான இருக்கோணும். கோவன்ங்கற பேரு கையில இருந்துச்சு. போட்டுட்டேன். மாறுகண்ணு வச்சேன். மடியில பொன்னு வச்சேன். மழையில அவன் தாழ்ப்பாள நீக்கற எடம் படிச்சிருப்பீங்களே? அந்த அத்தியாயம் நெசமாலுமே நல்லா வந்துருக்கும்ங்க. ஆளுங்க கோவனத் திட்டித் திட்டிக் கடுதாசி போட்டாங்க. சிரிக்காதீங்க தம்பி, நானும் அப்பச் சிரிச்சேன்.

பொறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நாச்சி நாடகமானா, நகைக்கடைக் காலண்டர்ல வந்தா. மேலைக்கோட்டையில இப்பப் போய்ப் பாருங்க, நாச்சி வளைவு, நாச்சி பஸ் ஸ்டாப்பு, நாச்சி மெட்ரிக் பள்ளிக்கூடம். நோம்பிக்குப் பொண்ணுங்க அல்லாரும் நாச்சி வேசம் போட்டு ஊர்வலம் போகுதுங்க. எனக்கு உள்ளுக்குள்ள எத்தனை பெருமை தெரியுங்களா? கண்ணு முன்னால ஒரு ஊரே என்ற கதைக்குள்ள குடி போகுதே!

சரி, அது கதை. கதைன்னு அல்லாருக்கும் தெரியும். வாசக்காரர் வீட்டுக்காரங்களும் அதப் படிச்சுட்டுப் பெருசா எடுத்துக்கலை. வாத்தியாரு கதை கட்டியிருக்காருன்னு விட்டுட்டாங்க. வருசா வருசம் அவங்கதான் வெளக்கு ஏத்துனாங்க. இப்பச் சொல்லப் போறதுதானுங்க வெக்கக்கேடு.

ரிட்டையர் ஆன பொறகு பெரிய வேலையா ஒண்ணு எடுத்தேன். இந்த வட்டாரம் முழுசுக்கும் பெருவரலாறு. அவினாசியப்பன் பேர்லயே. சாகறதுக்குள்ள எம்பேருக்கு ஒண்ணு நிக்கோணும்னு ஒரு வெறி. மேலைக்கோட்டை அத்தியாயம் எழுத உக்காந்தப்ப எனக்குக் கெடைச்சதப் பாருங்க. ஒரு புள்ளை முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணியிருக்குது, அதுல கோவன் கதவத் தொறந்துவிட்டான்னு இருக்குது. கோயில்ல விக்கற தல வரலாற்றுச் சின்னப் பொஸ்தகத்துலயும் இருக்குது. ஊர்ல பெரியவங்களக் கேட்டா அவங்களும் அதையே சொல்றாங்க. பட்டப்படிப்பு, கோயில், வாய்மொழி, மூணும் ஒட்டுக்காச் சொல்லுதே! எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. நாமளே அந்தக் காலத்துல ஊர்ல கேட்டுத்தான் கதையில வச்சிருப்போம்போல, மறந்துட்டோம்னு நெனச்சுட்டேன். கல்லுல பட்டான்னு இருக்கற கோவன்? அந்தப் புள்ளை அவன் வேற கோவன்னு எழுதியிருந்துச்சு. சரிதான்னு பட்டுச்சு. அடிக்குறிப்புப் போட்டு, மூணு ஆதாரத்தையும் காட்டி, வாசல் காவல் அந்த வீட்டுதுதான, அதனால கதவு தொறந்த கோவன் வாசக்காரர் வீட்டு முன்னோர்னு எழுதிப்போட்டேன். அழகான அடிக்குறிப்புங்க.

அந்தப் பொஸ்தகத்த யாரு படிச்சாங்களோ இல்லையோ, மேலைக்கோட்டைக் கோயில் கமிட்டி படிச்சுருச்சு. கதைன்னா விட்டுருவாங்க. இது வரலாறாச்சே! வாத்தியாரு சொந்தப் பேர்ல, ஆதாரத்தோட எழுதியிருக்காரு. கோட்டையக் காட்டிக் குடுத்தவன் வம்சம் அம்மனுக்கு வெளக்கு ஏத்தறதா? போன வருசமே உரிமைய எடுத்துட்டாங்க. பள்ளிக்கூடத்துல அந்த வீட்டுப் புள்ளைங்கள மத்ததுங்க என்ன சொல்லிக் கூப்புடும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ராக்கியண்ணன் போய்ச் சேந்துட்டாரு. அவரு மகன் செல்லமுத்து, மளிகைக்கடை வச்சிருக்காரு. ஒரு நாள் என்ற வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு, கையில ஒரு சீப்புப் பழத்தோட. சண்டைக்கு வந்தவரு பழம் வாங்கிட்டா வருவாரு? உக்காந்து மெதுவாக் கேட்டாருங்க.

"ஐயா, அது எங்க இருந்து எடுத்தீங்கன்னு தெரிஞ்சா, எங்களுக்கும் மனசு ஆறிரும்ங்க. தப்புப் பண்ணுன வம்சம்னா ஒத்துக்கறோம்ங்க. எங்கம்மாதான் நம்ப மாட்டேங்குது. அந்த வாத்தியாரு நம்மூட்டுச் சோறு தின்னவராச்சே, அவரா எழுதுனாருங்குது."

எனக்குக் கோவம் வந்துச்சுங்க. நெசமாத்தான் சொல்றேன். ஒரு ஆராய்ச்சியாளன்கிட்ட ஆதாரம் கேக்கறாரேன்னு. இருங்க காட்டறேன்னு ஆராய்ச்சிப் பொஸ்தகத்த எடுத்தேன். அந்தப் புள்ளை கோயில் பொஸ்தகத்த ஆதாரமாக் காட்டியிருந்துச்சு. கோயில் பொஸ்தகம் எழுதுனவரு அந்த ஊர்ப் பழைய ஹெட்மாஸ்டரு, எனக்குப் பழக்கம். செல்லமுத்துவ உக்கார வச்சுட்டே போன் போட்டேன். ஸ்பீக்கர்ல வேற போட்டேன். "ஏனுங்க, கோவன் சங்கதி உங்களுக்கு எங்க கெடைச்சுது?"ன்னேன்.

அவரு சிரிச்சாருங்க. "என்னங்க வெளையாடறீங்க! நீங்க எழுதுனதுதானுங்க. வாரா வாரம் பத்திரிகை வந்ததும் எங்க ஸ்டாஃப் ரூம்ல சண்டை போட்டுப் படிப்போமே!"

செல்லமுத்து என்னையப் பாக்கலை. பழத்தையே பாத்துட்டு இருந்தாரு. நான் போன வச்சேன். எம்பொய் ஊரச் சுத்திட்டு எனக்கே ஆதாரமா வந்து நின்னிருக்குது. பல்கலைக்கழகத்துல இது தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? கல்லுப் படிக்கறவனுங்க மாநாட்டுல சிரிப்பாங்களே! அதத்தான் மொதல்ல நெனச்சேன். செல்லமுத்துவப் பொறகுதான் நெனச்சேன். இதையும் சொல்லிப்போடறேன், மறைக்கறதுல ஒண்ணுமில்லை.

ஆனா ஒண்ணு, அன்னைக்கே அவருகிட்டச் சொல்லிட்டேன். நோம்பிக்கு நானே வர்றேன், ஊருக்கு முன்னால நானே சொல்றேன்னு. அவரு, "பெருசா ஒண்ணும் வேண்டாம்ங்க. அந்தக் கல்லுல இருக்கறத மட்டும் சொல்லிருங்க. ரெண்டு வரிதானுங்களே"ன்னாரு.

அதுக்குத்தான் நேத்துப் போனேன். கோயில் மண்டபத்துல கமிட்டி உக்காந்திருக்குது. தலைவரு தெய்வசிகாமணி, நல்ல மனுசன், என்னைய எந்திரிச்சு நின்னு கூப்பிட்டு உக்கார வச்சாரு. சுத்தியும் நாச்சி வேசம் போட்ட பொண்ணுங்க, அட்டைக் கிரீடம், ஜரிகை, மரக்கத்தி. செல்லமுத்து தூணோரமா நின்னாரு. நான் எந்திரிச்சேன். சொல்லிட்டேனுங்க. "கோவன் கதவத் தொறக்கலைங்க. அது நான் கதைக்காகக் கட்டுனது. பொஸ்தகத்துல தப்பா ஏறிப்போச்சு. அந்தக் குடும்பத்துக்கு உரிமையத் திருப்பிக் குடுங்க." ஒரு வார்த்தை மென்னு முழுங்கலை. நெஞ்சு எத்தனை லேசாச்சு தெரியுங்களா!

தெய்வசிகாமணி நெம்பப் பணிவாத்தான் கேட்டாரு.

"அப்பறம் ஏனுங்க, நாச்சியும் நீங்க கட்டுனதுதானுங்களா?"

தம்பி, நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அந்தப் புள்ளைங்க அத்தனையும் என்னையப் பாக்குது. ஒண்ணு வாயில வெரல வச்சுட்டுப் பாக்குது. வளைவுல நாச்சி, பள்ளிக்கூடத்துல நாச்சி. என்ற ஆயுசுல ஒருத்தருக்கும் வேண்டாத பொஸ்தகமா எழுதித் தள்ளுனேன், ஊரு தூக்கி வச்சுக்கிட்டது அவ ஒருத்தியத்தான். வாயத் தொறந்து, அவ ராணியில்லை, இந்தத் தூணோரம் நிக்கறாரே இவரு வீட்டுக் கெழவி, கோவனோட அம்மான்னு சொல்லோணும். ரெண்டே வரி. அதுக்குத்தான் போயிருக்கேன்.

"நாச்சி நெசந்தானுங்க. கல்லுல பேரு இருக்குது"ன்னேன்.

பொய்யில்லைங்களே? நங்கைன்னு பேரு இருக்குதுல்ல?

"கோவன் பேரும் அதே கல்லுலதான இருக்குது?"ன்னாரு. இருக்குதுன்னேன். "அப்ப ரெண்டும் நெசந்தான். ஐயா பெரிய மனசு, ஒரு குடும்பம் வருத்தப்படுதேன்னு பழியத் தாம்மேல போட்டுக்கறாரு"ன்னாரு. அல்லாரும் கைதட்டுனாங்க. இந்தப் பொன்னாடை தோள்ல விழுந்துச்சு. தம்பி, நான் மறுத்துப் பேச வாயத் தொறந்தேன், தொறந்தேன்னுதான் நெனைக்கறேன். அதுக்குள்ள தவிலு புடிச்சுருச்சு, அம்மன் கெளம்பிருச்சு. "இந்த வருசம் வெளக்கு ஐயாதான் ஏத்தோணும், இதவிடப் பொருத்தமா ஆரு இருக்கா"ன்னு என்னையத் தள்ளிட்டுப் போறாங்க. அம்மன் வர்ற நேரத்துல வாசல்ல நின்னுட்டு மாட்டேன்னா சொல்ல முடியும்? அபசகுனம்னுருவாங்களே!

கையில தீப்பந்தம். கல்விளக்குல கடையில வாங்குன திரி. பத்தவே இல்லைங்க. சாயங்காலக் காத்து, பத்துனா அணையுது, பத்துனா அணையுது. அம்மன் கிட்டத்துல வந்துருச்சு. பின்னால முணுமுணுன்னு ஒரு சத்தம். அப்பச் செல்லமுத்து கூட்டத்த வெலக்கிட்டு வந்தாரு. அந்த வீட்டுல ஒரு வழக்கம். அந்த வெளக்குக்குத் திரி, அந்த வீட்டுப் பொம்பளைதான் புதுத் துணியக் கிழிச்சு, தொடையில வச்சுத் திரிச்சுக் குடுக்கோணும். உரிமை போயும் அவரு அம்மா பாவாயம்மா திரிச்சுக் குடுத்து அனுப்பியிருக்காங்க. வாத்தியாரு வந்து சொல்லிருவாரு, தேவைப்படும்னு. அத மடியில இருந்து எடுத்து, எண்ணெயில முக்கி, அவரே வெளக்குல வச்சாரு. தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் காத்துக்கு மறைவா விரிச்சுப் புடிச்சாரு. எம்மூஞ்சியப் பாக்காம, "பத்த வையுங்க ஐயா, அம்மன் நிக்குது"ன்னாரு.

பத்த வச்சேனுங்க.

கெட்டியான திரி. அப்படியே நின்னு எரிஞ்சுது.

காலையில அவருதான் பஸ் ஸ்டாப்புக்கு என்ற பையத் தூக்கிட்டு வந்தாரு. வேண்டாம்னாலும் விடலை. ஏறப் போறப்பச் சொன்னாரு. "அம்மா கேட்டுச்சுங்க, திரி நின்னு எரிஞ்சுதான்னு. எரிஞ்சுதுன்னேன். ஆரு ஏத்துனாங்கன்னு அது கேக்கலை. நீதான் ஏத்திருப்பேன்னு நெனச்சுக்குச்சு. நானும் ஒண்ணும் சொல்லலைங்க." அதுக்கு நான் என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க? அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்கன்னேன். எங்க போய் முட்டிக்கறது தம்பி, எனக்கு வெக்கமா இருக்குதுங்க. இந்தக் கையக் கழுவிட்டுத்தான் வர்றேன், இன்னும் எண்ணெய்ப் பிசுக்குப் போகலை.

குண்டடம் வந்துருச்சா? அப்பக் கொடுவாய் கிட்டத்துலதான். பொஸ்தகத்தக் குடுங்க. பேனா இருக்குதா? இல்லைங்க, யோசிச்சுட்டேன். இதுல நொய்யல்நம்பின்னு போடப் போறதில்லை. அவினாசியப்பன்னு போட்டு, அந்த ரெண்டு வரிய அப்படியே எழுதித் தர்றேன். வாசலில் நின்று பட்டான் கோவன். அவன் தாய் நங்கை வைத்த விளக்கு. எத்தனையோ ஆயிரம் பொஸ்தகம் போயிருக்குது, ஒண்ணுலயாவது நெசம் இருக்கட்டும். பாப்பா பெருசானதும் படிச்சுக்கட்டும், தாம்பேரு ஒரு அம்மாவோட பேருல இருந்து வந்ததுன்னு. அது ராணியவிடக் கொறச்சலா என்ன? ஆங், சொல்லுங்க, நல்லாருக்குதுல்ல? வீட்டுக்குப் போனதும் கமிட்டிக்கும் எழுதிருவேன். பத்திரிகைக்கும் எழுதிருவேன். இங்கதான் ஆரம்பம்.

அடடே, முழிச்சுட்டீங்களா அம்முணி? ஆமா, தாத்தாதான். ஆமா, நாச்சி கதை எழுதுன தாத்தாதான், அப்பா சொல்றாரா? கிட்ட வாங்க. என்ன கேக்கறீங்க? பஸ் சத்தத்துல கேக்கலையே, காதுல சொல்லுங்க.

நாச்சி நெசமாலுமே குதிரை மேல போனாளாவா?

தம்பி, நீங்க எதுக்குங்க என்னைய அப்படிப் பாக்கறீங்க? பச்சைப் புள்ளைங்க அது, கேக்குது.

போனா சாமி. வெள்ளைக் குதிரை. இத்தாச்சோடு பெருசா இருக்கும், பறக்கும். அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க, தாத்தா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.